பவர் சப்ளையை மாற்றினால் பாட்டு மாறுமா?

வீட்டில் பாட்டு கேட்பதைக் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்கிற யாரிடமாவது அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ஆரம்பிக்கிற பேச்சு ஆம்ப்ளிஃபயருக்கு வந்து, கடைசியில் பவர் சப்ளையில் போய் நிற்கும். "செட்டோடு வந்த அடாப்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நல்ல லீனியர் சப்ளை ஒன்று போட்டுப் பார், பாட்டே வேற மாதிரி இருக்கும்" என்று அடித்துச் சொல்வார்கள். கூடவே "பேஸ் இறுகும், குரல் முன்னால் வரும், ஏதோ திரை விலகின மாதிரி இருக்கும்" என்று ஒரு பட்டியலும் வரும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற கல்லூரி மாணவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் சேர்த்த பணத்தில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கியிருப்பான். இப்போது கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை ஒரு இரும்புப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால், இத்தனை நாள் தான் கேட்டது அரைகுறைப் பாட்டுதானோ என்ற சந்தேகம் வேறு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, இது பொழுதுபோக்குக்காரர்களின் வெட்டி விவாதம் மட்டும் இல்லை. யாரோ ஒருவரின் பணமும், தன் காதின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பவர் சப்ளை ஒரு குறையைத் தீர்க்கும். குறையே இல்லாத இடத்தில் எதையும் கூட்டாது. அதனால் கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி "எந்த சப்ளை நல்லது?" என்பது அல்ல. "இந்த செட்டில் என்ன குறை?" என்பதுதான். வியாதி என்னவென்று தெரியாமல் மருந்து வாங்குகிறவரை உலகம் என்ன சொல்லுமோ, குறை தெரியாமல் சப்ளை வாங்குகிறவரையும் அதையே சொல்லலாம்.

பவர் சப்ளை செய்யும் வேலை

சுவரில் இருக்கும் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கும் ஐ.சி.க்கும் இது ஆகாது. அவற்றுக்குக் குறைந்த வோல்ட்டில், ஆடாமல் அசையாமல் நிற்கும் டி.சி. வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளை.

பழைய முறை இது: ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும், பெரிய கெபாசிட்டர் ஒன்று தண்ணீர்த் தொட்டி மாதிரி மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கும். தொட்டி நிரம்புவதும் வடிவதுமாக இருப்பதால் வோல்ட்டில் சின்ன அலை ஒன்று மிஞ்சும். இதற்கு ரிப்பிள் என்று பெயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரண்டு பாதியும் பயன்படுவதால் இந்த அலை 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அது ஸ்பீக்கர் வரை வந்துவிட்டால், நம் ஊர் மெக்கானிக்குகள் "ஹம்மிங்" என்று சொல்லும் அந்த "ம்ம்ம்ம்" சத்தம் கேட்கும். இந்த வகைக்குத்தான் லீனியர் சப்ளை என்று பெயர்.

இன்னொரு வகை எஸ்.எம்.பி.எஸ். லேப்டாப்போடு வருகிற கறுப்பு டப்பா எல்லாம் இந்த ஜாதிதான். இது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி இணைத்து வேலை செய்யும். எடை குறைவு, சூடு குறைவு, விலையும் குறைவு. "எஸ்.எம்.பி.எஸ். என்றாலே சத்தம் கெடும்" என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆம்ப்ளிஃபயரும் சும்மா இருப்பதில்லை

சப்ளையில் அழுக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சப்ளையில் இருக்கும் அழுக்கு அத்தனையும் பாட்டில் வந்து கலந்துவிடுமா? இந்த இடத்தில்தான் பலரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஒழுங்காக வடிவமைத்த எந்த சர்க்யூட்டும் தன் சப்ளையில் வரும் அலையைத் தானே தள்ளிவிடும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு அளவே உண்டு. ஐ.சி.யின் டேட்டாஷீட்டில் பி.எஸ்.ஆர்.ஆர். என்று போட்டு டெசிபலில் எழுதியிருப்பார்கள். ஆடியோ கருவிகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் என்.இ.5532 என்ற ஐ.சி.க்கு இது சாதாரணமாக 100 டெசிபல். அதாவது சப்ளையில் இருக்கும் அலை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகத்தான் உள்ளே போகும்.

ஒரு கணக்குப் போடலாம். கெபாசிட்டருக்குப் பிறகு 1 வோல்ட் ரிப்பிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மோசமான நிலைமைதான். அடுத்து வரும் சாதாரண ரெகுலேட்டர் ஐ.சி. அதை 60 டெசிபல் குறைத்தால், ஆயிரத்தில் ஒரு பங்காகி 1 மில்லிவோல்ட் மிஞ்சும். பிறகு 5532 அதை ஒரு லட்சத்தில் ஒரு பங்காக்கும். மிஞ்சுவது 10 நானோவோல்ட். பாட்டோ 2 வோல்ட். இரண்டுக்கும் உள்ள விகிதம் 20 கோடிக்கு ஒன்று! மனிதக் காது தாங்கக்கூடிய பெரிய சத்தத்துக்கும் கேட்கக்கூடிய சின்ன சத்தத்துக்கும் உள்ள விகிதமே சுமார் 10 லட்சத்துக்கு ஒன்றுதான். இந்த 10 நானோவோல்ட்டை இன்னும் பாதியாகக் குறைக்கிறேன் என்று ஒரு பெட்டி வந்தால், அது பொய் சொல்லவில்லை. நிஜமாகவே குறைக்கும். அதைக் கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது.

நியாயமாகச் சொல்வதானால், எல்லா சர்க்யூட்டும் இப்படி இல்லை. அதிர்வெண் கூடக் கூட இந்தத் தள்ளும் சக்தி குறையும். எளிமையான வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் சப்ளையின் அலை ஏறக்குறைய நேராகவே ஸ்பீக்கருக்குப் போய்விடும். எல்.பி. ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், சில வகைகளில் அரை மில்லிவோல்ட் கூட இருக்காது. அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது கூட வரும் அழுக்கும் சேர்ந்தே பெருகும். இந்த மாதிரி இடங்களில் சப்ளையின் தரம் காதுக்கே தெரியும். ஆகவே "சப்ளை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்" என்று அடித்துப் பேசுவதும் தவறு.

நிஜமாகவே பலன் தரும் இடங்கள்

தமிழ்நாட்டில் பவர் சப்ளைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர்கள், பத்திரிகையில் ஆடியோ விமர்சனம் எழுதுபவர்கள் அல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி வந்து, ஊரில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து செட் அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள்தான். அவர்கள் கையில் அதிகம் புழங்கிய ஐ.சி. எல்.ஏ.4440. பெரும்பாலும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும். 13.2 வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு 6 வாட்ஸ் தரும். இரண்டு பக்கமும் முழுசாக ஓடும்போது ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காசை மிச்சம் பிடிக்க 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் என்ன ஆகும்? மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. வால்யூமைக் கூட்டி, பறையோ டிரம்ஸோ விழுகிற இடத்தில் வோல்ட் சரிந்து, அடி "டம்" என்று விழாமல் "டப்" என்று உடைந்து கேட்கும். இங்கே டிரான்ஸ்ஃபார்மரை 3 ஆம்புக்கோ 5 ஆம்புக்கோ மாற்றினால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது வயதான செட். கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக் கணக்கில் சூட்டில் காய்ந்துவிடும். 4700 மைக்ரோஃபாரட் என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே அதில் பாதி கூட இருக்காது. ஹம்மிங் வரும், பேஸ் தளரும். இரண்டு கெபாசிட்டரை மாற்றினால் செட் மறுபிறவி எடுக்கும்.

மூன்றாவது, இன்வெர்ட்டர். 2008-க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டை ஆட்டிவைத்த மின்வெட்டு, பல வீடுகளுக்கு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. அதில் ஸ்கொயர் வேவ் வகை ஒன்று உண்டு. கரண்ட் போய் அது ஓட ஆரம்பித்ததும் ஃபேன் இரையும், டிரான்ஸ்ஃபார்மர் முனகும், ஸ்பீக்கரிலும் "கர்ர்" என்று ஒரு இரைச்சல் சேர்ந்துகொள்ளும். சைன் வேவ் வகைக்கு மாறினால் அது போய்விடும். இதில் மாயம் ஒன்றுமில்லை.

நான்காவது, எல்.பி. பிளேயர். பல பிளேயர்களில் இருக்கும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்தது இல்லை, அந்த 50 ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 50 என்பது 49 ஆனால் தட்டு 2 சதவீதம் மெதுவாகச் சுற்றும், பாட்டின் சுருதி அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். சொந்தமாக 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கிக் கொடுக்கும் சப்ளையை இங்கே மாட்டினால், சுருதியே சரியாகிறது. இதைவிட நேரடியான பலன் வேறு என்ன வேண்டும்?

ஐந்தாவது, ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியில் பாட்டு ஓடவிடுபவர்கள். அதற்கு வரும் 5 வோல்ட், 4.63-க்குக் கீழே சரிந்தால் எச்சரிக்கை காட்டும். ஏதோ ஒரு போன் சார்ஜரை மாட்டினால் பாட்டு விக்கும், கணினியே திரும்ப ஸ்டார்ட் ஆகும். போதுமான ஆம்ப் தரும் அடாப்டர் போட்டால் சரியாகிவிடும். அதற்குத் தங்க முலாம் பூசிய பெட்டி எதுவும் தேவையில்லை.

இந்த ஐந்திலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒவ்வொன்றிலும் குறை முதலில் தெரிந்தது, மருந்து பிறகு வந்தது. மருந்து கொடுத்ததும் குறை போனதா இல்லையா என்பதிலும் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

வோல்ட் கூடினால்?

இப்போது மாணவர்கள் மேஜையில் அதிகம் தெரிவது உள்ளங்கை அளவு கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள். ஃபோஸி ஆடியோவின் வி3 ஒரு உதாரணம். அது 32 வோல்ட் அடாப்டரோடும் 48 வோல்ட் அடாப்டரோடும் விற்பனைக்கு வந்தது. 48 வாங்கினால் நல்லதா?

வோல்ட் ஒன்றரை மடங்கு. வாட்ஸ் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதிகபட்சம் இரண்டேகால் மடங்கு. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் டெசிபலில் இது வெறும் 3.5. அதுவும் வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோனால் மட்டும். பத்துக்குப் பத்து ரூமில் ஓரிரு வாட்ஸில் பாட்டு கேட்கிறவருக்கு 32 வோல்ட்டும் 48 வோல்ட்டும் ஒன்றுதான். பெரிய ஹாலில், சத்தமாகக் கேட்கிறவருக்கு 48 உதவும். ஒரே பொருள் ஒருவருக்கு முன்னேற்றம், இன்னொருவருக்கு வீண்செலவு. தேவை எது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டு கட்சிகள்

சப்ளையை ஒரு தனிப் பொருளாக விற்பதில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1973-ல் தொடங்கிய நைம் நிறுவனம். அவர்களுடைய ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் வாங்கினால், பவர் ஆம்ப்ளிஃபயரில் இருந்தே மின்சாரம் எடுத்து ஓட்டலாம். பிறகு காசு சேர்ந்ததும் ஹை-கேப் என்ற தனி சப்ளையை வாங்கி இணைக்கலாம். அதற்கும் மேலே போக அடுத்த படிகள் உண்டு. கனமான டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெபாசிட்டர் என்ற லீனியர் கட்சி அது.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனமும் சப்ளை மேம்பாட்டை விற்றது. டைனமிக் என்று பெயர். ஆனால் அது எஸ்.எம்.பி.எஸ்! ஒரு கட்சி எதை விஷம் என்கிறதோ, அடுத்த கட்சி அதையே மருந்தாக விற்கிறது. இரண்டையும் வாங்கியவர்கள் "திரை விலகியது" என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பானின் 47 லேபரட்டரி கொண்டுவந்த கெயின்கார்டு ஆம்ப்ளிஃபயரில் கெபாசிட்டர்கள் மிகச் சிறியவை. "பெரிய தொட்டி இருந்தால்தான் பேஸ் வரும்" என்ற கொள்கைக்கு நேர் எதிர். அதையும் கொண்டாடினார்கள். அமெரிக்காவின் பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் ஏ.எச்.பி.2 ஆம்ப்ளிஃபயரில் எஸ்.எம்.பி.எஸ். வைத்தே, சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் இடையில் 132 டெசிபல் இடைவெளி என்று குறிப்பிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். என்றாலே இரைச்சல் என்றால் இந்த எண் எப்படிச் சாத்தியம்?

இவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, எல்லோரும் தேர்ந்த பொறியாளர்கள். ஒன்றுக்கொன்று எதிரான நாலு வழியில் போய் நாலு பேரும் நல்ல ஆம்ப்ளிஃபயர் செய்ய முடிகிறது என்றால், ரகசியம் சப்ளையின் வகையில் இல்லை. சப்ளையும் சர்க்யூட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதில் இருக்கிறது. அந்தப் பொருத்தத்தை நிறுவனம் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தால், வெளியிலிருந்து வரும் பெட்டிக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது.

காது பொய் சொல்லுமா?

"டேட்டாஷீட்டை மடித்து வை. கேட்டேன், மாறியிருக்கிறது. காதுதானே கடைசி நீதிபதி?" இது பலமான வாதம். பாட்டு காதுக்குத்தான், மீட்டருக்கு இல்லை.

ஆனால் சிக்கல் காதில் இல்லை, கண்ணில் இருக்கிறது. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை திரைக்குப் பின்னாலும் ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படியும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கர் செட், திரை விலகியதும் கீழே இறங்கியது. பெரிதாக, விலை உயர்ந்ததாகத் தெரிந்தவை மேலே போயின. இத்தனைக்கும் அவர்கள் ஸ்பீக்கர் தொழிலிலேயே இருப்பவர்கள்.

அதற்கும் முன்னால், 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஆம்ப்ளிஃபயர்களை இதே மாதிரி ஒப்பிட்டது. சுமார் 220 டாலர் ரிசீவரில் இருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையில் இருந்தன. சத்தத்தின் அளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தபோது, கேட்டவர்களின் பதில்கள் காசு சுண்டிப் பார்த்ததற்குச் சமமாக வந்தன. அங்கே மாறியது சப்ளை மட்டும் இல்லை, ஆம்ப்ளிஃபயரே முழுசாக மாறியது என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்காக யாரையும் "பொய் சொல்கிறாய்" என்று சொல்லத் தேவையில்லை. புதுப் பெட்டி வந்த நாளில் அந்தப் பாட்டை இதுவரை கேட்காத கவனத்தோடு கேட்கிறார். கவனித்துக் கேட்டால் இளையராஜா பாட்டில் பின்னால் ஓடும் பேஸ் கிட்டார் புதிதாகத் தெரியத்தான் செய்யும். அது முன்பும் அங்கேதான் இருந்தது. அனுபவம் நிஜம். காரணம்தான் வேறு. அந்தக் கவனத்துக்குக் காசு கிடையாது, அதை எந்தக் கடையும் விற்க முடியாது.

பணக் கணக்கு

வணிகவியல் முதலாம் ஆண்டிலேயே குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி வந்துவிடும். முதல் இட்லிக்கு இருக்கிற ருசி ஏழாவது இட்லிக்கு இருக்காது என்பதுதான் அது. கெபாசிட்டருக்கும் அப்படியே பொருந்துகிறது. 1 ஆம்ப் இழுக்கும் செட்டில் ரிப்பிள் எவ்வளவு என்று மேலோட்டமாகக் கணக்கிட்டால், 4700 மைக்ரோஃபாரடுக்குச் சுமார் 2.1 வோல்ட் வரும். 10,000-க்கு 1 வோல்ட். 20,000-க்கு அரை வோல்ட். 40,000-க்குக் கால் வோல்ட். செலவு ஒவ்வொரு படியிலும் ஏறுகிறது, கிடைக்கும் குறைப்பு ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது. மேலே சொன்ன மாதிரி சர்க்யூட் வேறு அதைத் தள்ளிவிடுகிறது. எங்கோ ஒரு படியில் நின்றுவிட வேண்டும் என்பதைக் கணக்கே சொல்கிறது.

இன்னொன்று வாய்ப்புச் செலவு. பத்தாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்றால், சப்ளைக்குப் போனால் அது ஸ்பீக்கருக்குப் போகாது. நல்ல ஆம்ப்ளிஃபயரின் சிதைவு 0.01 சதவீதத்துக்கும் கீழே. அதே பாட்டை ஸ்பீக்கர் பேஸில் பாடும்போது சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நூறு மடங்கு பெரிய குறை ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வெறும் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் ரூமோ, சில பேஸ் ஸ்வரங்களை 10 டெசிபல் கூட ஏற்றி இறக்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்துவதற்குச் செலவு பூஜ்யம். ஓடுகிற ஃபேன் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் 40 டெசிபலுக்கு மேல். அதை நிறுத்தாமல் நானோவோல்ட்டைப் பற்றிப் பேசுவது, ஓட்டைப் பானைக்குத் தங்க மூடி போடுகிற கதை.

"அவர் காசு, அவர் சந்தோஷம், உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அழகான பெட்டி, தொட்டால் கனம், உள்ளே நேர்த்தியான வயரிங் என்று அதற்காகவே ஒருவர் வாங்கினால் யாருக்கும் பேச உரிமையில்லை. கைக்கடிகாரத்தையும் அப்படித்தான் வாங்குகிறார்கள். தகராறு வருவது, "இது இல்லாவிட்டால் நீ கேட்பது பாட்டே இல்லை" என்று காசில்லாதவனிடம் சொல்லும்போதுதான். அவன் சப்ளை வாங்குவான். வித்தியாசம் தெரியாது. தெரியவில்லை என்று சொன்னால் "உன் கேபிள் சரியில்லை" என்பார்கள். அதையும் வாங்குவான். போட்ட காசை நியாயப்படுத்தவே மேலும் காசு போடுவது வணிகவியலில் எல்லோரும் படிக்கிற பழைய பாடம். பரீட்சையில் சரியாக எழுதிவிட்டுக் கடையில் மறந்துபோகிற பாடமும் அதுதான்.

இன்னொரு அநியாயமும் இதில் இருக்கிறது. காய்ந்த கெபாசிட்டரை மாற்றி, லூசான எர்த் வயரைப் பற்றவைத்து, நிஜமாகவே பாட்டை மீட்டுக் கொடுக்கிற மெக்கானிக் கேட்கும் கூலிக்கு நாம் பேரம் பேசுகிறோம். மீட்டரில் கூடத் தெரியாத முன்னேற்றத்தைத் தருகிற பெட்டிக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறோம்.

வாங்கும் முன்

முதலில் குறையைத் தேடுங்கள். பாட்டை நிறுத்தி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கரில் காதை வையுங்கள். "ம்ம்ம்" என்று கேட்டால் சந்தேகம் ஆம்ப்ளிஃபயர் மேலும் அதன் சப்ளை மேலும். வால்யூம் கூட்டினால் மட்டும் வந்து, இன்புட் வயரைக் கழற்றியதும் போய்விட்டால், குற்றவாளி பெரும்பாலும் வயரோ, இரண்டு கருவிகளுக்கு இடையே உண்டாகும் எர்த் சுற்றோதான். அதற்குப் புது சப்ளை உதவாது. அதற்காக எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஹம்மிங் போகும், ஷாக் வரும். சத்தமாக வைக்கும்போது அடி உடைந்தால் சப்ளையின் ஆம்ப் போதுமா என்று பாருங்கள். இது எதுவுமே இல்லை என்றால் சப்ளை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடாப்டர் மாற்றுவதாக இருந்தால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்ப் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் பொருந்த வேண்டும். செட்டைத் திறப்பதானால், கரண்டை எடுத்த பிறகும் பெரிய கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அதன் பிறகும் ஆசை விடவில்லையா? நண்பரிடம் ஒரு சப்ளையை இரவல் வாங்கி, இன்னொரு நண்பரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, பார்க்காமல் கேளுங்கள். வால்யூமை யாரும் தொடக்கூடாது. எதை மாட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். பத்து முறை. ஏழு சரியாகச் சொன்னால் துள்ளிக் குதிக்காதீர்கள், குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏழோ அதற்கு மேலோ வர 17 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது வந்தால் அது 1 சதவீதம்தான், அப்போது நம்பலாம். மாற்றி மாட்ட ஒரு நிமிடம் ஆகுமே, அதற்குள் மறந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். திரை விலகியது, பாட்டே வேறாகிவிட்டது என்று சொல்லப்படும் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் மறந்துபோகும் என்றால், அதற்குக் கொடுக்கும் விலை கொஞ்சம் அதிகம்தான்.

ஒன்பது வந்தவர் தாராளமாக வாங்கட்டும். அவருடைய செட்டில் ஏதோ ஒரு குறை இருந்திருக்கிறது, அது இப்போது தீர்ந்தது. வராதவருக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது முழுப் பாட்டுதான் என்பது உறுதியாகிவிட்டது. பணமும் பையிலேயே இருக்கிறது.